சபைச் சுவருக்கு வெளியே ஊழியம்: பக்கத்துத் தேவையில் இறங்க விரும்புகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"ஊழியம் செய்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் பிரசங்கமா, பாடல் குழுவா, ஞாயிறு பள்ளியா என்றுதான் நாம் கேட்போம். படுத்த படுக்கையாகக் கிடக்கும் பக்கத்து வீட்டுப் பெரியவரை வாரம் இரண்டு முறை குளிப்பாட்டிவிட்டு வருகிறவரை யாரும் ஊழியர் என்று அழைப்பதில்லை. அவரும் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை.

அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தில் இந்தப் பிரிவு இல்லை. கிரேக்க மொழி பேசிய விதவைகளுக்கு அன்றாடப் பங்கு சரியாகப் போய்ச் சேரவில்லை என்று முறுமுறுப்பு எழுகிறது. அந்த அன்றாடப் பங்கீட்டுக்கும், அப்போஸ்தலர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட வசன ஊழியத்துக்கும் மூலமொழியில் வருவது ஒரே சொல்: டியாகோனியா. தமிழ் வேதாகமத்தில் அது ஓரிடத்தில் 'விசாரணை', இன்னோரிடத்தில் 'ஊழியம்' என்று பிரிந்துவிட்டது. சொல் பிரிந்ததோடு நம் மனதிலும் பிரிந்துவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம்.

எங்கள் சபையில் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக இந்த 'விசாரணை' வேலையைச் செய்து வருகிறேன். கீழே இருப்பதில் பாதி வேதத்திலிருந்து வந்தது. மீதி, தப்பு செய்து கற்றுக்கொண்டது.

முதல் படி: பொருள் சேகரிக்காதீர்கள், கேளுங்கள்

ஒரு ஞாயிறு பிரசங்கத்தில் உள்ளம் தொடப்படுகிறது. அடுத்த ஞாயிறே அட்டைப்பெட்டி வைத்துத் துணி சேகரிக்கத் தொடங்குகிறோம். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். மூன்று வாரத்தில் ஓர் அறை நிறையத் துணி சேர்ந்தது. ஒரு தெரு முழுக்க வீடுவீடாகக் கொடுத்தோம். எல்லோரும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டார்கள். சில மாதங்கள் கழித்து அதே தெருவில் ஒரு பெண் மெதுவாகச் சொன்னார்: "துணி இருக்குதுங்க. நாங்க வேலைக்குப் போற நேரத்துல எங்க மாமியாரைப் பார்த்துக்க ஆள்தான் இல்லை." அந்தத் தெருவில் அப்படி நான்கு வீடுகள் இருந்தன. நாங்கள் கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

எரிகோவுக்கு வெளியே குருடனான பர்திமேயு கூப்பிட்டபோது, அவனுக்கு என்ன தேவை என்பது பார்த்த எவருக்கும் தெரியும். இயேசு அப்போதும் "நான் உனக்கு என்ன செய்யவேண்டும்?" என்றுதான் கேட்கிறார். அவருக்கே கேட்கத் தோன்றியதென்றால் நமக்குத் தோன்றாமல் போவது வேடிக்கைதான்.

ஆகவே முதல் நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு எதையும் கொடுக்காதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும் போதும். உங்கள் ஆலயத்திலிருந்து கால்நடையாகப் பதினைந்து நிமிடத்தில் எட்டும் பகுதியை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒருமுறை, வேலைநாள் மத்தியானம் ஒருமுறை, இருட்டிய பின் ஒருமுறை நடந்து பாருங்கள். மத்தியான வேளையில் யார் வீட்டில் தனியாக இருக்கிறார்கள், இருட்டிய பின் யார் வெளியே படுக்கிறார்கள் என்பது ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தெரியாது.

அப்புறம் பேசுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் எல்லோர் கதையும் தெரிந்த சிலர் இருப்பார்கள். பள்ளி ஆசிரியர், சுகாதாரச் செவிலியர், மருந்துக்கடைக்காரர், துப்புரவுப் பணியாளர், முடிதிருத்துகிறவர். அவர்களிடம் கேட்க நான்கு கேள்விகள் போதும்:

இங்கே இருப்பவர்களுக்கு எது பெரிய கஷ்டமாக இருக்கிறது?
அதற்கு ஏற்கெனவே யார் என்ன செய்கிறார்கள்?
முன்பு யாராவது உதவ வந்து பாதியில் விட்டுப்போனது உண்டா?
இங்கே இருக்கிறவர்களில் மற்றவர்கள் நம்பிப் போய்க் கேட்கிற ஆள் யார்?

மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். நமக்கு முன்னால் வந்தவர்கள் விட்டுச்சென்ற கசப்பின் மேல்தான் நாம் நடக்கப்போகிறோம். நான்காவது கேள்விக்குக் கிடைக்கும் பெயர்தான் பிற்பாடு உங்கள் குழுவின் முதுகெலும்பு. தேவை இருக்கும் இடத்தில் திறமையும் இருக்கிறது. ஐந்தாயிரம் பேர் பசியோடு இருந்தபோது சீஷர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி 'உங்களிடத்தில் எத்தனை அப்பங்கள் உண்டு, போய்ப் பாருங்கள்' என்பது. இல்லாததை அல்ல, இருப்பதை எண்ணச் சொன்னார்.

இரண்டாம் படி: ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

நோட்டு நிறைந்ததும் தலை சுற்றும். குடிக்கு அடிமையானவர்கள், பள்ளியை விட்ட பிள்ளைகள், தனித்த முதியவர்கள், சிறையிலிருந்து திரும்பியவர்கள், கடனில் மூழ்கியவர்கள் என எல்லாவற்றையும் தொட ஆசை வரும். தொட்டால் எதுவும் நிற்காது.

ஒவ்வொரு தேவைக்கும் எதிரே இவற்றை எழுதிப் பாருங்கள். இதைப் பலர் வாயிலிருந்து கேட்டோமா, ஒருவர் வாயிலிருந்தா? நம்மிடம் அதற்கான கைகள் இருக்கின்றனவா? வேறு யாரும் நன்றாகச் செய்துகொண்டிருக்கிறார்களா? பணம் ஒரு பைசாகூட வராவிட்டாலும் ஓராண்டு நடத்த முடியுமா? இந்த நான்காவது கேள்வியில்தான் பெரும்பாலான திட்டங்கள் உதிரும். உதிரட்டும்.

வேறு ஒரு சபையோ, கிறிஸ்தவர் அல்லாத ஓர் அமைப்போ அந்த வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருந்தால், அவர்களிடம் போய் "எங்களில் இரண்டு பேர் வாரம் ஒருநாள் வரட்டுமா?" என்று கேளுங்கள். நம் பெயர்ப்பலகை இல்லாமல் போகும், அவ்வளவுதான். பெயர்ப்பலகைக்காகவே இரண்டாவது கடை திறக்கிற பழக்கம் நம்மிடம் கொஞ்சம் அதிகம்.

மூன்றாம் படி: குழு

ஐந்து முதல் ஏழு பேர். அதற்கு மேல் வேண்டாம், தொடக்கத்திலாவது.

அப்போஸ்தலர் 6-க்கு மறுபடி வருகிறேன். முறுமுறுத்தவர்கள் கிரேக்க மொழிக்காரர்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு பேரின் பெயர்களைப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பின் கையிலேயே பங்கீட்டைக் கொடுத்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது. நம் குழுவில் அந்தத் தேவையை அனுபவித்த ஒருவராவது இருக்கவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. முதியோரைப் பார்க்கும் குழுவென்றால் ஒரு முதியவர். குடியிலிருந்து மீள்கிறவர்களுக்கென்றால் மீண்ட ஒருவர். அலங்காரத்துக்கு அல்ல. முடிவெடுக்கும்போது அவர் பேச்சு எடுபட வேண்டும்.

சிறைச் சீர்திருத்தத்துக்காக உழைத்த ஆங்கிலேயப் பெண்மணி எலிசபெத் ஃபிரை 1813-இல் லண்டன் நியூகேட் சிறைக்குள் போனார். பெண்களும் அவர்களுடைய பிள்ளைகளும் நெருக்கியடித்துக் கிடந்த இடம் அது. சில ஆண்டுகள் கழித்து, 1817-இல் அங்கே பள்ளியும் தையல் வேலையும் ஏற்பாடு செய்தபோது, விதிமுறைகளை ஒவ்வொன்றாக வாசித்து, கைதிகளையே கை உயர்த்தி ஒப்புதல் தரச் சொன்னார். சிறைக்கைதிகளிடம் வாக்கெடுப்பு நடத்தலாம் என்று அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றியிராது. குழுவில் சேர்க்கும் ஒவ்வொருவருக்கும் இந்தக் கதையைச் சொல்கிறேன்.

பொறுப்புகள் மூன்று கட்டாயம் பிரியவேண்டும்: நேர அட்டவணை பார்ப்பவர், கணக்குப் பார்ப்பவர், பாதுகாப்புக்குப் பொறுப்பானவர். கணக்குப் பார்ப்பவர் போதகராக இருக்கவேண்டாம். போதகர்மேல் நம்பிக்கை இல்லாமல் சொல்லவில்லை. அவர்மேல் யாரும் விரல் நீட்டாமல் இருக்கத்தான்.

நான்காம் படி: எது அவசர உதவி, எது கூடவே நடப்பது

நல்ல சமாரியன் கதையைப் பல நூறு முறை கேட்டிருப்போம். அடுத்தமுறை ஒரு கணக்காளரின் கண்ணோடு படித்துப் பாருங்கள். அவன் முதலில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டுகிறான். அது முதலுதவி, அந்த இடத்திலேயே. அடுத்து தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டுபோகிறான். அன்றிரவு கூடவே இருந்து பராமரிக்கிறான். மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுக்கிறான். மத்தேயு 20-இல் ஒரு பணம் ஒரு நாள் கூலி என்று வருகிறது. ஆக இரண்டு நாள் கூலி. அதிகம் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான். அப்புறம் தன் பயணத்தைத் தொடர்கிறான்.

இதில் நான் கவனிப்பவை: அவன் எல்லாவற்றையும் தானே செய்யவில்லை. சத்திரம் நடத்தத் தெரிந்தவனிடம் ஒப்படைத்தான். ஆனால் ஒப்படைத்துவிட்டு மறக்கவும் இல்லை, திரும்பி வருவதாகச் சொன்னான். வேலையை விட்டுவிட்டு வாழ்நாள் முழுக்க அங்கேயே உட்காரவும் இல்லை.

நம் உதவிகளையும் இப்படிப் பிரித்துக்கொள்வது நல்லது. வீடு எரிந்தது, வெள்ளம் வந்தது, சம்பாதிக்கிறவர் இறந்தார் என்றால் கேள்வி கேட்காமல் உடனே கொடுங்கள். சில வாரங்களில் அந்தக் கட்டம் முடிந்துவிடும். அதன்பிறகும் அதேபோலக் கொடுத்துக்கொண்டே போனால், கொடுக்கிறவருக்குப் பழக்கமும் வாங்குகிறவருக்குக் கூச்சமும் வளரும். அடுத்த கட்டத்தில் கொடுப்பதைவிடக் கூட நிற்பதே முக்கியம். விண்ணப்பம் நிரப்ப உதவுவது, அலுவலகத்துக்குத் துணையாகப் போவது, வேலை தேடித்தருவது, பிள்ளையின் பள்ளிச் சேர்க்கைக்கு அலைவது எல்லாம் இதில் அடங்கும்.

லேவியராகமம் 19-இல் வயலின் ஓரத்தை அறுக்காமல் எளியவர்களுக்கும் பரதேசிகளுக்கும் விட்டுவிடச் சொல்லப்பட்டிருக்கிறது. அறுத்துக் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லவில்லை. ரூத் தன் கையால் பொறுக்கினாள், மாலையில் தட்டி அளந்தாள், தலைநிமிர்ந்து மாமியாரிடம் கொண்டுபோனாள். உதவி வாங்குகிறவர் செய்யக்கூடியதை நாம் செய்துவிடக்கூடாது என்பதை அந்த வயல் ஓரம் எனக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

ஐந்தாம் படி: வீட்டுக்குப் போவது எப்படி

இதுதான் வேலையின் இதயம், அதனால் இங்கே கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறேன்.

எப்போதும் இருவராகப் போங்கள். இயேசுவும் சீஷர்களை இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்பினார். ஒருவர் பேசும்போது மற்றவர் கவனிக்கலாம். பிற்பாடு யாரும் எதுவும் சொல்லிவிடாமலும் இருக்கும். பெண்கள் தனியாக இருக்கும் வீட்டுக்குப் போகும் இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்கவேண்டும்.

முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். வறுமையில் இருப்பவர் வீட்டுக் கதவு எப்போதும் நமக்காகத் திறந்திருக்கும் என்று நினைப்பது ஒருவித அதிகாரம்தான். "இன்றைக்கு வேண்டாம்" என்றால் "சரி, எப்போது வரட்டும்?" என்று கேட்டுவிட்டுத் திரும்புங்கள்.

காட்டிய இடத்தில் உட்காருங்கள். குடிக்கக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். நாம் எதையும் வாங்காமல் கொடுத்துக்கொண்டு மட்டும் இருந்தால் அந்த வீட்டில் நாம் விருந்தாளி இல்லை, அதிகாரி. சமாரியப் பெண்ணிடம் இயேசு முதலில் கேட்டது தண்ணீர். தன் தாகத்தைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்கினார்.

முப்பது நிமிடம் போதும். நோயாளி என்றால் பதினைந்து. படுக்கையில் உட்காராதீர்கள், கை கழுவிவிட்டுத் தொடுங்கள், சளி காய்ச்சல் இருந்தால் போகவே வேண்டாம். மருத்துவர் சொன்னதற்கு மாறாக ஒரு வார்த்தைகூடச் சொல்லக்கூடாது. விசுவாசத்தின் பெயரால் மருந்தை நிறுத்தச் சொல்வது ஊழியம் அல்ல, ஆபத்து. எங்கள் குழுவில் இதற்கு இரண்டாம் எச்சரிக்கை கிடையாது. முதல் முறையே விலக்கிவிடுவோம்.

துக்க வீட்டில் பேசாதீர்கள். யோபுவின் நண்பர்கள் மூவரும் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்ததும் கெட்டது. "கடவுளுடைய சித்தம்", "இதிலும் ஒரு நோக்கம் இருக்கும்" என்பதையெல்லாம் வீட்டுக்காரர்களே சொன்னால் தலையாட்டுங்கள், நீங்களாகச் சொல்லாதீர்கள். தண்ணீர் பிடித்து வைப்பது, வருகிறவர்களுக்கு நாற்காலி போடுவது, சிறு பிள்ளைகளைக் கவனித்துக்கொள்வது போதும். எல்லோரும் போன பின், முப்பது நாள் கழித்து ஒருமுறை போங்கள். அப்போதுதான் அந்த வீடு உண்மையில் அமைதியாகியிருக்கும்.

ஜெபிக்கலாமா என்று கேட்டுவிட்டு ஜெபியுங்கள். வேண்டாம் என்றால் முகம் மாறாமல் எழுந்து விடைபெறப் பழகுங்கள். ஒத்துக்கொண்டால் சுருக்கமாக, அவர்கள் பெயரைச் சொல்லி, அவர்கள் சொன்ன காரியத்துக்காக மட்டும். வீட்டு ரகசியங்களை ஜெபத்தில் ஒப்பித்து அடுத்த வீட்டுக்குக் கேட்கச் செய்கிற ஜெபங்களை நான் கேட்டிருக்கிறேன். சபைக்குத் திரும்பிய பின் 'ஜெபக் குறிப்பு' என்ற பெயரில் அதே ரகசியம் வாட்ஸ்அப் குழுவில் போவது இன்னும் மோசம்.

வாக்குக் கொடுக்காதீர்கள். "பார்க்கிறோம்" என்பதும் கேட்கிறவர் காதில் வாக்குத்தான். "குழுவில் கேட்டுவிட்டு வெள்ளிக்கிழமை மாலைக்குள் முடியும், முடியாது என்று சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். முடியாது என்றாலும் வெள்ளிக்கிழமை போய்ச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: பாதுகாப்பு

பலருக்கு இது அலுப்பான பகுதி. எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது.

பிள்ளைகளோடு வேலை என்றால் எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்கக்கூடாது. போதகராக இருந்தாலும், இருபது ஆண்டு விசுவாசியாக இருந்தாலும் விதி ஒன்றே. புதிதாக வருகிறவரின் பின்னணியை விசாரியுங்கள். அதிகாரப்பூர்வமான சரிபார்ப்பு கிடைக்கிற இடத்தில் அதையும் வாங்குங்கள். பிள்ளைகளோடு தனிப்பட்ட முறையில் குறுஞ்செய்தி அனுப்பிக்கொள்வது கூடாது.

ஒரு பிள்ளை தனக்கு நடந்த கொடுமையைச் சொல்ல ஆரம்பித்தால், கேளுங்கள். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள், காப்பாற்ற முடியாத வாக்கு அது. "நீ சொன்னது நல்லது, இது உன் தப்பு இல்லை, உதவி செய்யக்கூடியவர்களிடம் நான் சொல்லவேண்டும்" என்று சொல்லுங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள். பிள்ளை பயன்படுத்திய வார்த்தைகளிலேயே அன்றே எழுதி, பாதுகாப்புப் பொறுப்பாளர் வழியாகச் சட்டப்படியான அதிகாரிகளிடம் கொண்டுபோங்கள். சபை மூப்பர்கள் கூடி விசாரித்து முடித்துவைக்கிற காரியம் இது அல்ல. சபையின் பெயர் கெட்டுவிடும் என்ற பேச்சு நிச்சயம் எழும். எழுந்தால் பிள்ளையை நடுவில் நிறுத்தினவர் யார் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் அடிபடும் பெண்ணிடம் "பொறுத்துப் போ, ஜெபம் பண்ணு" என்று சொல்லித் திருப்பி அனுப்பாதீர்கள். அவர் பாதுகாப்பாக இருக்கிறாரா, போக இடம் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. கணவரைக் கூப்பிட்டு இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசுவது அன்றிரவே அவருக்கு அபாயமாக முடியலாம்.

வாழப் பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால், "தற்கொலை செய்துகொள்ளலாம் என்று நினைக்கிறீர்களா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. பேச வழிதான் கிடைக்கும். ஆம் என்றால் தனியாக விட்டுவிட்டு வராதீர்கள். மருத்துவ உதவி கிடைக்கும்வரை கூட இருங்கள். பாவம் என்று போதிக்கும் நேரம் அல்ல அது. எலியா சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று கேட்டபோது அவனுக்குக் கிடைத்தது போதனை அல்ல. தூக்கமும், சாப்பாடும், மறுபடி தூக்கமும், மறுபடி சாப்பாடும்.

ஏழாம் படி: பணம்

பவுல் எருசலேமின் ஏழைகளுக்காகச் சபைகளில் காணிக்கை சேர்த்தார். 1 கொரிந்தியர் 16-இல் வாரத்தின் முதல்நாளில் அவரவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவைக்கச் சொல்கிறார். தான் வந்த பிறகு அவசரமாக வசூல் நடக்கவேண்டாம் என்கிறார். கொண்டுபோகிறவர்களைச் சபையே தேர்ந்தெடுக்கட்டும் என்கிறார். 2 கொரிந்தியர் 8-இல் இன்னும் தெளிவு: இவ்வளவு பணத்தைக் கையாளும்போது யாரும் குற்றம் சொல்லாதபடிக்குத் தன்னோடு வேறு ஆட்களையும் சேர்த்துக்கொள்கிறார். கர்த்தர் முன் மட்டுமல்ல, மனிதர் முன்பும் ஒழுங்காக இருக்கவேண்டும் என்பது அவர் காரணம்.

நடைமுறையில் இதன் பொருள்: தனிக் கணக்கு, இரண்டு கையெழுத்து, ஒவ்வொரு செலவுக்கும் ரசீது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சபைக்கு முன் வரவு செலவு. கணக்கில் தொகை இருக்கட்டும், வாங்கியவர் பெயர் வேண்டாம். பெயருக்குப் பதில் எண் போடுங்கள். பெயர் உள்ள பட்டியல் ஒரே ஓர் ஆளிடம் பூட்டி இருக்கட்டும்.

கடன் கொடுக்காதீர்கள். கொடுக்க முடிந்தால் கொடுங்கள், முடியாவிட்டால் இல்லை என்று சொல்லுங்கள். கடன் வாங்கியவர் ஞாயிற்றுக்கிழமை நம் கண்ணில் படாமல் இருக்கப் பின்வரிசையில் உட்காருவார், அப்புறம் வராமலே போவார். இரண்டு குடும்பங்களை இப்படி இழந்திருக்கிறோம்.

எட்டாம் படி: சுவிசேஷம், புகைப்படம், நிபந்தனை

உதவி செய்தால் சுவிசேஷம் சொல்லவேண்டாமா என்று எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் கேட்பார். நியாயமான கேள்விதான். என் பதில்: கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், உதவியோடு சேர்த்துக் கட்டாதீர்கள். கூட்டத்துக்கு வந்தால்தான் பங்கு, ஞானஸ்நானம் எடுத்தால்தான் பள்ளிச் செலவு என்றால் அது வியாபாரம். பத்துக் குஷ்டரோகிகளும் குணமானார்கள்; திரும்பி வந்தது ஒருவன், அவனும் சமாரியன். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டார், சுகத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை.

பழைய சபைக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. 3-ஆம் நூற்றாண்டில் கொள்ளைநோய் பரவியபோது, நோயாளிகளைத் தெருவில் தள்ளிவிட்டு மற்றவர்கள் ஓட, கிறிஸ்தவர்கள் கூட இருந்து பார்த்துப் பலர் தாங்களும் இறந்துபோனதை அலெக்சாந்திரியாவின் ஆயர் தியொனீசியு கடிதத்தில் எழுதியிருக்கிறார். 368-இல் தொடங்கிய பஞ்சத்துக்குப் பின் ஆயர் பசிலியார், இன்றைய துருக்கியில் உள்ள செசரியா நகருக்கு வெளியே நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் கட்டிய விடுதிகள் ஒரு புதிய நகரம் போல வளர்ந்தன. கிறிஸ்தவத்தை வெறுத்த ரோமப் பேரரசர் ஜூலியன்கூட, இவர்கள் தங்கள் ஏழைகளை மட்டுமல்ல, நம் ஏழைகளையும் சேர்த்துத் தாங்குகிறார்களே என்று தன் தலைமைப் பூசாரிக்கு எழுதிப் புலம்பினார். 'நம் ஏழைகளையும்' என்பதுதான் அவரைக் குத்தியது.

புகைப்படம் பற்றி: வாங்குகிறவர் முகம் வேண்டாம். எடுக்கவே வேண்டாம் என்பது எங்கள் விதி. நன்கொடையாளர் கேட்டால் ரசீதையும் கணக்கையும் காட்டுகிறோம். மகனையோ மகளையோ பெட்டி வாங்கும் கையோடு நிற்கவைத்து எடுத்த படம் முகநூலில் வந்தால் நமக்கு எப்படி இருக்கும்?

ஒன்பதாம் படி: களைப்பு

ஆறாவது மாதத்தில் வரும். முதலில் ஒருவர் போன் எடுக்கமாட்டார், அடுத்து இன்னொருவர் "வீட்டில் வேலை" என்பார். மீதி இருவர்மேல் எல்லாப் பாரமும் விழும். அந்த இருவரும் மற்றவர்கள்மேல் எரிச்சல்படுவார்கள்.

காலையிலிருந்து மாலைவரை மோசே தனியாக வழக்குத் தீர்ப்பதைப் பார்த்த மாமனார் எத்திரோ, நீயும் இளைத்துப்போவாய், ஜனங்களும் இளைத்துப்போவார்கள் என்று சொல்கிறார். இரண்டாவது பாதியைக் கவனியுங்கள். களைத்த ஊழியரால் முதலில் கஷ்டப்படுவது உதவி தேடி வந்தவர்.

ஆகவே அட்டவணையிலேயே ஓய்வை எழுதிவிடுங்கள்: ஒருவருக்கு வாரம் ஒரு சந்திப்பு, மூன்று மாதத்துக்கு ஒரு வாரம் விடுப்பு, ஓராண்டு முடிந்ததும் தொடர்வதா என்று மறுபடி கேட்பது. "விடமுடியாது" என்கிற ஆள் யாராவது இருந்தால் அவருக்குத்தான் முதலில் விடுப்பு. மாதம் ஒருமுறை குழு மட்டும் கூடி, கணக்கும் திட்டமும் பேசாமல், மனதில் கிடப்பதைச் சொல்லிக்கொள்ள ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நாங்கள் இதைத் தொடங்கியது தாமதமாக. அதற்குள் நல்ல ஆட்கள் மூவரை இழந்துவிட்டோம்.

பத்தாம் படி: ஓராண்டு கழித்து

எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்று எண்ணாதீர்கள், அது எளிது. கடந்த ஆண்டு நம்மைத் தேடி வந்தவர்களில் இப்போது நாம் தேவைப்படாதவர்கள் எத்தனை பேர்? நாம் பார்க்கப்போன முதியவரைப் பார்க்க இப்போது பக்கத்து வீட்டுக்காரர்களும் வருகிறார்களா? குழுவில் எத்தனை பேர் அந்தத் தெருக்காரர்கள்? பதில்களை உதவி பெற்றவர்களிடமே கேட்டு எழுதுங்கள். பாராட்டு மட்டுமே வந்தால், சரியாகக் கேட்கவில்லை என்று அர்த்தம். அவர்களுக்குத் தெரிந்த வேறொருவரை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

சில வேலைகள் வளரும். அமெரிக்காவில் படித்து 1900-இல் மருத்துவராகத் திரும்பிவந்த ஐடா ஸ்கட்டர் ஒற்றைப் படுக்கையோடு வேலூரில் தொடங்கியது பெரிய மருத்துவமனையானது. ஆனால் அவர் மருத்துவமனைச் சுவருக்குள் நின்றுவிடவில்லை. வாரந்தோறும் சாலையோர மரத்தடிகளில் நின்று நோயாளிகளைப் பார்க்கும் வழக்கத்தையும் தொடங்கினார். அத்தனைக்கும் ஆரம்பம், இளம்பெண்ணாக இருந்தபோது ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தவர்களும், ஆண் மருத்துவரை ஏற்காததால் அந்த மூன்று தாய்மாரும் இறந்ததும்தான். கேட்டவர்களை அவர் மறக்கவில்லை.

சில வேலைகள் முடியும். எங்கள் மாலை வகுப்பு நான்கு ஆண்டு நடந்தது. பிறகு பக்கத்துப் பள்ளியே அதைத் தொடங்கிவிட்டது, எங்களைவிட நன்றாகவும் செய்தது. மூட மனமில்லாமல் ஓராண்டு இழுத்தோம், அது வீண். மூடுவதென்றால் இரண்டு மாதம் முன்பே பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் நேரில் சொல்லுங்கள். யாரிடம் போகலாம் என்று எழுதிக் கொடுங்கள். மீதிப் பணத்தை என்ன செய்தோம் என்று சபைக்குக் கணக்குக் காட்டுங்கள். கடைசி நாளுக்குப் பின் ஒரு மாதம் கழித்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருமுறை வெறுங்கையோடு போய் வாருங்கள். கணக்கையும் பிள்ளைகளின் பாதுகாப்புக் குறிப்புகளையும் பூட்டிப் பத்திரமாக வையுங்கள், அவை பின்னால் தேவைப்படலாம். முதல் நாள் நடக்கத் தொடங்கியபோது எடுத்த அந்த நோட்டுப் புத்தகத்தை மட்டும் கிழித்து எரித்துவிடுங்கள். அதில் இருப்பது மற்றவர்களின் வீட்டு விஷயம்.